குண்டரிசிக்காக ஒரு வக்காலத்து

(சிப்பிகாட்டிலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர்)

நம் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழுவினர் அன்புடன் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரயிலே இல்லாத தீவில் ரயில்வே பொறியாளன் எதைப் பற்றி எழுதுவது? நாற்பது வருடம் தண்டவாளம், கட்டை, ஜல்லி என்று வாழ்ந்துவிட்டு, 2018இல் ஓய்வு பெற்று, மகனோடு இந்தச் சிப்பிகாட்டுக்கு வந்து சேர்ந்தவன் நான். படித்தது பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா. விஞ்ஞானி அல்ல. ஆனால் பிறந்தது மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், நெல் விளையும் வீட்டில். ஆகவே அரிசியைப் பற்றி எழுதத் துணிகிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. அது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வங்காளிப் பெரியவர் இருக்கிறார். அவர் தகப்பனார் அகதியாக வந்து இங்கே காட்டைத் திருத்தி வயலாக்கியவர். 2004 டிசம்பர் 26ஆம் தேதி நடந்ததை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுனாமி அலை வந்து போனது. ஆனால் பூகம்பத்தில் தரையே தாழ்ந்துபோனதால் கடல் முழுவதுமாகத் திரும்பிப் போகவில்லை. சிப்பிகாட்டின் வயல்களில் உப்புநீர் நின்றுவிட்டது. இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பறவை பார்க்கப் போகிறார்கள். அது ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி என்பது புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவருக்கு மிஞ்சியது மேட்டுப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். அதில்தான் இன்னமும் நெல் போடுகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அறுவடை முடிந்ததும் ஒரு துணிப் பையில் ஐந்து கிலோ புதிய அரிசி கொண்டுவந்து கொடுத்தார். நாம் புதிர் எடுப்பதுபோல அவர்களுக்கும் புது அரிசிக்கு ஒரு நாள் உண்டு. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துச் சாப்பிடுவது வழக்கமாம். பையைத் திறந்து பார்த்தேன். அரிசி குண்டு குண்டாக இருந்தது. "என்னம்மா இது, ரேஷன் அரிசி மாதிரி இருக்கே" என்றேன் மருமகளிடம். "இட்லிக்குப் போட்டுடறேன் மாமா" என்றாள் அவள். அதுவும் கொஞ்ச நாள் கழித்துத்தான். ஒரு வாரம் சென்று பெரியவர் வாசலில் நின்று, "சோறு எப்படி இருந்தது தாதா?" என்று ஹிந்தியில் கேட்டார். "ரொம்ப நன்றாக இருந்தது" என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு தாழ்ந்த குரலில், கடைக்காரர்கள் யாரும் இந்த அரிசியை வாங்க மறுக்கிறார்கள், சன்னமாக இருந்தால்தான் விற்கும் என்கிறார்கள், நெல்லை விட்டுவிட்டுப் பாக்கு வைத்துவிடலாம் என்று மகன் சொல்கிறான் என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரிசி குண்டாக இருந்தால் அது எந்த விதத்தில் மட்டம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே அறுபது வருடம் சாப்பிட்டிருக்கிறேனே என்று தோன்றியது.

வெர்னியர் சொன்ன கணக்கு

மறுநாள் பழைய பெட்டியிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். நம் கடையில் வாங்கும் பொன்னி அரிசியில் உடையாத மணியாகப் பத்து; பெரியவர் கொடுத்த அரிசியில் பத்து. ஒவ்வொன்றாக அளந்து சராசரி எடுத்தேன். பொன்னி நீளம் 5.4 மில்லிமீட்டர், அகலம் 2.0. பெரியவரின் அரிசி நீளம் 5.8, அகலம் 2.5. அதாவது நான் 'குண்டு' என்று ஒதுக்கிய அரிசி பொன்னியைவிட நீளமானது! அகலத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் கூடுதல். ரயில் பாதையில் இந்த அளவு வித்தியாசத்துக்காக ஒரு வண்டியையும் நிறுத்தமாட்டோம். ஒரு குடும்பத்தின் விவசாயத்தை மட்டும் நிறுத்திவிடுகிறோம்.

நீளத்தை அகலத்தால் வகுத்து அரிசியைத் தரம் பிரிக்கும் முறை நம் நாட்டில் 1960களில் ராமையா குழு வகுத்தது. 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் நீளம். அதற்குக் கீழ் குட்டை. நீளத்தை அகலத்தால் வகுத்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் சன்னம். குட்டை ரகத்தில் 2.5 முதல் 3 வரை நடுத்தரச் சன்னம், 2.5க்குக் கீழே போனால் குண்டு. என் கணக்குப்படி பொன்னி 2.7, நடுத்தரச் சன்னம். பெரியவரின் அரிசி 2.3, குட்டைக் குண்டு. இந்தப் பிரிவுகள் வடிவத்தைச் சொல்கின்றனவே தவிர, ருசியையோ சத்தையோ சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ராமையா நம்மவர்

அந்த ராமையா யார் என்று பலருக்கும் தெரியாது. கோயமுத்தூரில் 1912இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்த விஞ்ஞானி கே. ராமையா. அங்கே பார்னல் என்ற ஆங்கிலேயர் அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளராக இருந்தார். அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகள்தான் ஜி.இ.பி. கிச்சிலி சம்பாவிலிருந்து கிடைத்து, 1921இல் வெளிவந்த புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 ரகத்தின் பெயர் அப்படி வந்ததுதான். பார்னலும் அய்யங்காரும் ராமையாவும் நெல்லின் குணங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகின்றன என்று 1917லேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1933இல் ராமையாவும் பார்த்தசாரதியும் நெல்மணியின் நீளம் எப்படிப் பரம்பரையாக வருகிறது என்பதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார்கள். பின்னர் 1946இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் ராமையாதான்.

நீள மணி நெல்லையும் குட்டை மணி நெல்லையும் ஒட்டுச் சேர்த்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் நடுவாந்திரமாக வரும். அதன் விதையை விதைத்தால், அடுத்த தலைமுறையில் குட்டையிலிருந்து நெட்டை வரை எல்லா அளவிலும் மணிகள் வரும். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் தாத்தாவைப்போல, ஒருவன் மாமனைப்போல இருப்பதில்லையா, அப்படி. வடிவத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். எந்த மரபணு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வசதி அன்றைக்கு இல்லை.

பிரேக் பிடிக்கும் மரபணு

இன்றைக்கு அது தெரிந்துவிட்டது. நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள். 2005இல் பல நாடுகள் கூடி, இந்தியாவும் சேர்ந்து, நெல்லின் மரபு எழுத்துகள் முழுவதையும் படித்து முடித்தன. அதன்பின் வேலை வேகமாக நடந்தது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரிசியின் உருவத்தை நிர்ணயிப்பது முதலில் உமிதான். உமியின் இரண்டு மடல்களும் முன்னதாகவே வளர்ந்து, பூத்து, மூடிக்கொள்கின்றன. அதற்குள்தான் பால் பிடித்து அரிசி நிறைகிறது. அச்சு எப்படியோ அப்படித்தான் செங்கல். உமியில் எத்தனை செல்கள், எந்தத் திசையில் பெருகுகின்றன என்பதே சங்கதி.

2006இல் சீனாவின் ஊஹான் நகரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தார் மூன்றாம் குரோமோசோமில் ஜி.எஸ்.3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது நீளத்துக்குப் பிரேக் மாதிரி. பிரேக் சரியாக இருந்தால் மணி ஓரளவுக்கு மேல் நீளாது. நீள அரிசி ரகங்களில், பாஸ்மதி உட்பட, அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. அந்த ஒரு மாற்றத்தால் புரதம் உருவாகும் வேலை பாதியிலேயே நின்று, அதன் வாலில் 178 கண்ணிகள் இல்லாமல் போகின்றன. பிரேக் வேலை செய்வதில்லை. மணி நீண்டுகொண்டு போகிறது. பாஸ்மதியின் பெருமைக்குப் பின்னால் ஒரு எழுத்துப்பிழைக்கும் பங்கு உண்டு!

2007இல் ஷாங்காய் விஞ்ஞானிகள் இரண்டாம் குரோமோசோமில் ஜி.டபிள்யூ.2 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது அகலத்துக்குப் பிரேக். அது பழுதானால் மணி அகலமாகி எடை கூடுகிறது. 2012இல் எட்டாம் குரோமோசோமில் இன்னொன்று தெரிந்தது. அதன் வேலை பாஸ்மதியில் மந்தமாக இருப்பதால்தான் மணி ஒல்லியாக வருகிறது. அதே மரபணு சுறுசுறுப்பாக இருக்கும் ரகங்களில் மணி அகலமாகி விளைச்சல் கூடுகிறது.

என்னை யோசிக்க வைத்தது 2008இல் ஜப்பானியர்கள் சொன்ன செய்தி. ஐந்தாம் குரோமோசோமில் ஓரிடத்தில் 1212 எழுத்துகள் அடியோடு விடுபட்டுப்போனதால் ஜப்பானிய வகை நெல்லின் மணி அகலமானது. காட்டு நெல்லை வீட்டு நெல்லாக்கிய ஆதிகால உழவர்கள், அப்படிக் குண்டாக விளைந்த கதிர்களையே பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். குண்டு மணி என்றால் அதிக எடை, அதிக சோறு. ஆக, நாம் மட்டம் என்று தள்ளுகிற குணம், பசித்த மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் தேடித் தேர்ந்தெடுத்த குணம்.

ருசி வேறு, உருவம் வேறு

"குண்டரிசி ருசிக்காது, குழைந்துவிடும்" என்று பல தாய்மார்கள் சொல்வார்கள். அவர்கள் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோறு உதிரியாக வருமா, ஒட்டிக்கொள்ளுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அரிசியிலுள்ள ஒருவகை மாவுச்சத்தின் அளவு. அதற்குரிய மரபணு ஆறாம் குரோமோசோமில் இருக்கிறது. வாசனைக்குரியது எட்டாம் குரோமோசோமில். உருவத்துக்கும் இவற்றுக்கும் கட்டாயச் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. சீரகச் சம்பா குட்டை, ஆனால் மணக்கும். மாப்பிள்ளைச் சம்பா பருமன். நம் பாட்டன்மார் அதைத்தான் உயர்வாகச் சொன்னார்கள். சத்தைப் பொறுத்தவரை, அரிசியின் அகலத்தைவிட, மில்லில் அதை எவ்வளவு தீட்டுகிறோம் என்பதே முக்கியம். தவிடு போனால் சத்தும் போயிற்று. சன்னமானாலும் குண்டானாலும் அதே கதைதான்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். குண்டு மணிகளில் நடுவே சுண்ணாம்பு வைத்தாற்போல வெள்ளை விழுவது அதிகம், பார்வைக்கு நன்றாயிராது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8 அப்படித்தான் இருந்தது. விளைச்சலைப் பார்த்து மகிழ்ந்து தென்னாற்காட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கே ஐ.ஆர்.எட்டு என்று பெயர் வைத்தார். ஆனால் அந்த அரிசிக்குச் சந்தையில் விலை குறைவு. எங்கள் வீட்டிலும் அப்பா அதை விற்பதற்குப் போட்டு, சாப்பாட்டுக்கு வேறு நெல் வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கம்தான் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. குண்டு என்றால் அடுத்தவன் சாப்பிட, சன்னம் என்றால் நாம் சாப்பிட!

பொன்னியும் பரதேசிதான்

இன்னொரு வேடிக்கை. 'நம்ம ஊர்ப் பொன்னி' என்று உரிமையோடு கேட்டு வாங்குகிறோமே, அதன் பூர்வீகம் தெரியுமா? ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் திட்டத்தில், கட்டாக்கில், தைச்சுங் 65 என்ற தைவான் ரகத்தையும் மாயாங் இபோஸ் 80 என்ற மலேயா ரகத்தையும் சேர்த்து உண்டாக்கிய வழியில் வந்தது மசூரி. 1965இல் மலேசியாவில் வெளியிடப்பட்டது. அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1986இல் தமிழ்நாட்டில் வெளிவந்தது வெள்ளைப் பொன்னி. தைச்சுங் 65 ஜப்பானிய வகையைச் சேர்ந்த உருண்டை மணி நெல். குண்டான பாட்டிக்குச் சன்னமான பேத்தி! கடல் கடந்து வந்து, வேறு மண்ணில் வேர் விட்டு, காவிரியின் பெயரையே சூட்டிக்கொண்டு, 'நம்மவள்' ஆகிவிட்டாள். கடல் தாண்டி வந்து இங்கே குடியேறிய நாம் அவளிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. போன இடத்து மண்ணோடு ஒட்ட வேண்டும்.

நாமோ சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாள் கப்பலில் வரும் அரிசிக்குக் காத்திருக்கிறோம். புயல் அடித்துக் கப்பல் தாமதமானால் விலை ஏறுவதும், கடையில் வரிசை நிற்பதும் நமக்குப் பழக்கம். பக்கத்து வயலில் விளைந்ததை மட்டும் வாங்கமாட்டோம்.

சேர்த்தும் தரலாம்

இந்த மரபணுக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் நம்பிக்கைதான். உப்பைத் தாங்கும் தன்மைக்குரிய முக்கியமான பகுதி ஒன்று கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதலாம் குரோமோசோமில் இருப்பது தெரிந்திருக்கிறது. பொக்காளி குண்டான சிவப்பரிசி. ஆனால் உப்பு தாங்குவது முதலாம் குரோமோசோமில். வடிவமோ இரண்டு, மூன்று, ஐந்து, எட்டில். வெவ்வேறு தண்டவாளங்களில் ஓடும் வண்டிகள் இவை. ஒன்றை மாற்ற மற்றதை நிறுத்த வேண்டியதில்லை. ஆகவே உப்பையும் தாங்கி, மணியும் சன்னமாக இருக்கும் நெல்லைப் பிறப்பிக்க இயற்கையில் தடை ஏதும் இல்லை. நாற்றின் ஒரு துண்டு இலையைச் சோதித்தே, அது எந்த வடிவ மணி கொடுக்கும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்ல இன்று வழியும் இருக்கிறது.

அதற்கான இடமும் நமக்குத் தூரத்தில் இல்லை. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) காரச்சர்மாவில் இருக்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், சுனாமிக்கு முன்பே, பொக்காளியின் திசுவை வளர்த்து உப்பு தாங்கும் வகைகளைத் தேடியிருக்கிறார்கள். 2000இல் அந்த ஆராய்ச்சி வெளியாகியும் இருக்கிறது. இத்தீவுகளில் நெடுங்காலமாகப் பயிராகும் சி-14-8 என்ற உயரமான, நீண்டகால நெல்லையும், மத்திய அந்தமானில் கரேன் மக்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்து காத்துவரும் பழைய நெல்களையும் அவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஆனால் ஒட்டுச் சேர்த்த நெல் குணம் மாறாமல் நிலைபெற ஆறேழு தலைமுறை வேண்டும். பிறகு வயல் சோதனை, விதைப் பெருக்கம். அதுவரை நிலத்தில் நெல் போட ஆள் இருக்க வேண்டுமே! பெரியவரின் மகன் பாக்கு வைத்துவிட்ட பிறகு, எவ்வளவு அழகான சன்ன நெல் வந்து என்ன பயன்? அதை நட வயல் எங்கே இருக்கும்? நடத் தெரிந்த கை எங்கே இருக்கும்? விஞ்ஞானிகள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்வார்கள். இடைப்பட்ட காலத்தில் விவசாயியை வயலில் வைத்திருப்பது, வாங்கிச் சாப்பிடுகிறவர்களாகிய நம் வேலை. இதுதான் நான் சொல்ல வந்த கருத்து.

"காசு கொடுத்து வாங்குகிறோம், பிடித்ததைத்தானே சாப்பிடுவோம்?" என்று யாராவது கேட்டால், அது அவர்கள் உரிமை. தினமும் குண்டரிசியே சாப்பிடுங்கள் என்று சொல்ல நான் யார்? என் வீட்டிலேயே அது நடக்காது. வாரத்தில் இரண்டு நாள் என்று மருமகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறேன். பழைய சோற்றுக்கும் இட்லிக்கும் அதுதான் சரி என்று அவளே இப்போது சொல்கிறாள்.

சங்கத்துப் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். வருகிற பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலுக்காவது இந்தத் தீவில் விளைந்த புது அரிசியை வாங்குங்கள். பொங்கல் குழைய வேண்டிய பண்டம். அங்கே குண்டரிசியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. விளைந்த மண்ணின் புது நெல்லைச் சூரியனுக்குப் படைப்பதுதான் பொங்கல். கப்பலில் வந்த பழைய அரிசியைப் படைத்தால் சூரிய பகவான் கோபித்துக்கொள்ளமாட்டார்; ஆனால் நாம் எந்த மண்ணில் நிற்கிறோம் என்பதை மறந்தவர்கள் ஆவோம்.

போன அறுவடையில் பெரியவரிடம் நானே போய் இருபது கிலோ விலைக்குக் கேட்டேன். காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். முதல் முறை நான் சொன்னது பொய் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "தெரியும் தாதா. சாப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பீர்களே" என்றார்.

இந்த வருடமும் அவர் நெல் போட்டிருக்கிறார்.